அறுபத்து மூன்றாம் நிமிடத்தில்

1

இந்தக் கதையை நானாக எழுத நினைக்கவில்லை. சுரேந்திரன் கேட்டதால் எழுதுகிறேன். 2016 ஜூனில் ஒரு மழைநாள், போர்ட் பிளேயர் லம்பா லைனில் இருக்கும் என் குவார்ட்டர்ஸ் வாசலில், குடையை மடக்காமல் நின்றுகொண்டே கேட்டான்.

“சார், நீங்க கதை எழுதுறீங்கன்னு சொன்னாங்க. எங்க டீமப் பத்தி ஒன்னு எழுதுங்க. பத்து வருசமாச்சு. இப்ப ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல.”

எழுதலாம் என்றேன். போகத் திரும்பியவன் நின்றான்.

“ஒரே ஒரு டவுட்டு சார். அந்த கோல யாரு பேருல எழுதுவீங்க?”

“இதென்ன கேள்வி? அடிச்சது நீதானே?”

“அடிச்சது நாந்தான். சீட்டுல எழுதுனது நீங்க. நீங்க எம் பேர எழுதலயே.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். குடையோடு மழைக்குள் இறங்கிப் போனான். நான் கதவைச் சாத்த மறந்து நின்றேன்.

நான் இதுவரை இருபத்து மூன்று சிறுகதைகள் எழுதியிருக்கிறேன். அவற்றைப் படித்து யாரும் ஒரு வேளைச் சோற்றைத் தள்ளிவைத்ததாகத் தகவல் இல்லை. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், 2005 நவம்பரில், ஒரு கால்பந்து ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டில் நான் எழுதிய ஒரு வரி, செத்துப்போன ஒருவனைச் சாகவிடாமல் நிறுத்தி வைத்தது. என் எழுத்தில் இன்றுவரை வேலை செய்த வரி அது ஒன்றுதான். அதற்காக நான் பெருமைப்படவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

அன்று கடல் அமைதியாக

[வேண்டாம். சுனாமிக் கதை எழுதுகிற எல்லாரும் கடலை முதலில் அமைதியாக்கிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் அன்று கடலைப் பார்க்கவே இல்லை. போர்ட் பிளேயரில் கட்டில் ஆடியதும் வேட்டியை இறுக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தேன். என் சுனாமி அவ்வளவுதான்.]

இரண்டாவது முயற்சி:

சீக்கிரம் கலைந்துபோன அணிகளுக்கு வரலாறு கிடையாது. இந்தத் தீவுகளில் அப்படி எத்தனையோ அணிகள். ஜெட்டி கட்ட வந்த கொத்தனார்கள் சேர்ந்து ஓர் அணி வைத்திருந்தார்கள். ஜெட்டி முடிந்ததும் அணியும் முடிந்தது. ஒரு பேக்கரியின் அணி இரண்டே ஆட்டம் ஆடியது. மூன்றாவது ஆட்டத்தன்று அடுப்பில் ஆள் இல்லை என்று முதலாளி விடவில்லை. அணி கலைந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் பனியன்கள்தான். முதுகில் எண்ணோடு கொஞ்ச நாள் சந்தைக்குப் போகும். அப்புறம் தரை துடைக்கப் போகும்.

[இது பரவாயில்லை. ஆனால் ருக்கு* படித்துவிட்டு, “இதெல்லாம் சரி, உங்க டீம் எங்க?” என்றாள். நியாயமான கேள்வி.]

* ருக்கு என் மனைவி. என் கதைகளை அச்சுக்கு முன்னால் படிக்கிற ஒரே ஆள். அச்சுக்குப் பின்னால் படிக்கிறவர்களும் அதிகம் இல்லை.

3

அணியின் பெயர் கச்சால் ரப்பர் லெவன். ஆயுள் எழுபத்தேழு நாள். 2005 அக்டோபர் 23 முதல் 2006 ஜனவரி 8 வரை. ஆடியது மூன்று ஆட்டம். வென்றது ஒன்றுமில்லை. அடித்த கோல் ஒன்று.

[லீக்கின் பெயரை மாற்றி எழுதியிருந்தேன். மாற்றிய பெயரும் பிடிக்கவில்லை, அடித்துவிட்டேன். சின்ன லீக். எட்டு அணிகள், ஒரு மைதானம், ஒரு நடுவர்.]

கச்சால், நிக்கோபார் பக்கத்துத் தீவு. அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த தமிழர்கள் எழுபதுகளில் இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அவர்களில் தம்பையா என்று ஒரு கங்காணி. தோட்டத்து ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவர். 2004 டிசம்பர் தொடக்கத்தில் இவர் கப்பலேறி போர்ட் பிளேயருக்கு வந்தார். லீக் ஜனவரியில் என்றார்கள். பதினாறு பேரின் பெயர், தகப்பன் பெயர், கையெழுத்து எல்லாம் இருந்த பட்டியலைக் கொடுத்தார். ஊரையொட்டிய புரோத்ராபூரில் ஒரு தையல்கடையில் பதினாறு பச்சைப் பனியன் தைக்கக் கொடுத்தார். ஊர் திரும்பினார்.

அந்த மாதம் இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ரப்பர் வேலை இல்லை. ஆகவே காலையில் கரையோர மைதானத்தில் பயிற்சி. தோட்டமும் ஆட்கள் குடியிருந்த லயங்களும் மேட்டில் இருந்தன, மைதானம் மட்டும்தான் கீழே. பயிற்சிக்கு நேரத்துக்குப் போனவர்கள் ஆறு பேர். மற்றப் பத்துப் பேரும் தாமதம். ஒருவன் தலைவலி என்று படுத்திருந்தான். இருவர் மேட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அணியில் பிழைத்தவர்கள் எல்லாரும் பயிற்சிக்குத் தாமதமானவர்கள். இதை எழுதிவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் இந்தப் பகுதியில் எழுத ஒன்றுமில்லை.

4

பயிற்சிக்கு முதலில் போகிறவன் யோகராஜ். இருபத்தெட்டு வயது. ஏழாம் எண். அவன் மனைவி சுகுணா. அவன் தாய் ஒச்சம்மா. அவன் தம்பி சுரேந்திரன். தம்பியின் ஆட்டம் சுமார் என்று கங்காணி அவனைப் பதினாறில் சேர்க்கவில்லை. சேராத கோபத்தில் அன்று அவன் வீட்டில் தூங்கினான்.

லீக் ஒன்பது மாதம் தள்ளிப்போய் அக்டோபரில் நடந்தது. அதற்குள், நிலநடுக்கத்தில் லயங்கள் இடிந்துபோன கச்சால்காரர்கள் பலர் புரோத்ராபூர் பக்கம் வந்து தகர ஷெல்டர் போடும் கூலி வேலையில் இருந்தார்கள். தையல்கடைக்காரர் பதினாறு பனியனையும் பத்திரமாக வைத்திருந்தார். தம்பையா அவற்றை வாங்கி வந்து, விளையாடியே ஆக வேண்டும் என்றார். இங்கே தோட்டம் இல்லை, லயம் இல்லை, பெயராவது ஒரு பலகையில் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

லீக்காரர்கள் என்னை ஸ்கோர் எழுதக் கூப்பிட்டார்கள். நான் கால்பந்து ஆடியதில்லை. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்பார்கள். என் விஷயத்தில் அடுத்தவர் தலையெழுத்தில் போய் விழுந்தது.

லீக்கின் விதிப் புத்தகத்தில் ஒரு விதி: பதிவான வீரர் இறந்தாலோ கை கால் முறிந்தாலோ, சான்றிதழ் காட்டி மாற்று வீரரைச் சேர்க்கலாம். ஆறு பேரில் யாருக்கும் சான்றிதழ் இல்லை. உடல் கிடைக்காதவர்கள் காகிதத்தில் இறந்தவர்கள் அல்ல, காணாமல் போனவர்கள். லீக் செயலாளர் நல்ல மனிதர்தான். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டுக் கையை விரித்தார்.

“மிஸ்ஸிங் கா கோயி ரூல் நஹி ஹை, தாதா.”

காணாமல் போனவனுக்கு விதி இல்லை. பத்துப் பேரோடு ஆடலாம், அதற்கு விதி இருந்தது. தம்பையா ஒத்துக்கொள்ளவில்லை.

“லைன்ல ஒரு எடம் காலியா கெடந்தா, எல்லாப் பயலும் அதையே பாத்துக்கிட்டு நிப்பானுங்க சார். பந்த எவன் பாப்பான்?”

அப்புறம் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள, தோட்டத்து வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். மலைநாட்டிலிருந்து கச்சாலுக்கு அவர்கள் கூடவே வந்த சொல். பெயரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். பதில் வராவிட்டால் அன்றைக்குப் பெயர் வெட்டு. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் தம்பியோ அக்காளோ வந்து வரிசையில் நின்று பதில் சொல்லி, அவன் வேலையையும் செய்வார்கள். கங்காணிக்கும் தெரியும். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை.

“ஆளுக்கு ஆள் நிக்கிறது நமக்குப் புதுசா?” என்றார் தம்பையா. “அண்ணன் பேருக்குத் தம்பி நிக்கட்டும். பேரு வெட்டுப்படக் கூடாது, அவ்வளவுதான்.”

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அவர் கோட்டோரம் அணியை நிறுத்திப் பெரட்டு எடுத்தார். எதிரணிக்காரர்கள் சிரித்தார்கள். “யோகராஜ்!” என்று கூப்பிட்டதும், தொளதொளவென்று ஏழாம் எண் பனியன் போட்ட சுரேந்திரன், “இருக்கேங்கய்யா!” என்றான். நான் பெயருக்கு நேரே டிக் அடித்தேன்.

எனக்கு அப்போது உடம்பு சிலிர்த்தது என்று எழுதலாம். உண்மையில், அட, இது நல்ல கதையாயிற்றே என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்று வெட்கப்படுகிறேன்.

5

முதல் ஆட்டம் பூஜ்யம்–நான்கு.

இரண்டாவது ஆட்டம் நவம்பர் 13. இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் இரண்டரைக்கே தொடங்கிவிடுவார்கள். முதல் நாள் மழை. வடக்குக் கோல் பக்கம் கணுக்கால் அளவு சேறு. பாக்குத் தோட்டத்திலிருந்து ஒரு மாடு வந்து மூலையில் நின்றது. அதை யாரும் துரத்தவில்லை. எதிரணி ஒரு கோல் முன்னால்.

அறுபத்து மூன்றாம் நிமிடம். பந்து சேற்றில் சிக்கி நின்றது. மூன்று பேர் வழுக்கி விழுந்தார்கள். ஏழாம் எண் விழவில்லை. பின்னாலிருந்து மெதுவாக வந்து, பெருவிரலால் குத்துகிற மாதிரி தட்டினான். பந்து உருண்டு, நின்று, யோசித்து, கோட்டைத் தாண்டியது. அழகான கோல் இல்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரும் அழுதார்கள். தம்பையா துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் எழுதினேன்: 63 நிமி. — யோகராஜ் (7). நடுவர் கையெழுத்துப் போட்டார். லீக் முத்திரை விழுந்தது. ஆட்ட முடிவுகளை ரேடியோ நிலையத்துக்குப் போனில் சொல்வதும் என் வேலையாக இருந்தது. அன்று மாலைத் தீவுச் செய்தியில் கடைசியாக யோகராஜ் பெயரோடு ஒரு வரி வாசித்தார்கள்.

கச்சாலில், தகர ஷெல்டரில், ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஒச்சம்மா கேட்டார்.

6

சுகுணாவும் கேட்டார்.

அந்த மாதம்தான் காணாமல் போனோர் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். இவர்கள் இறந்ததாகக் கொள்ளப்படும், ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளில் எழுதித் தரலாம் என்று. சுகுணாவுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். யோகராஜின் இடத்தில் அவரை ரப்பர் பால் வெட்டும் வேலைக்கு எடுப்பதாகத் தோட்டம் சொல்லியிருந்தது. ஜனவரி முடிவதற்குள் காகிதம் வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

ஒச்சம்மா ஆட்சேபணை எழுதி வாங்கிக் கைநாட்டு வைத்தார்: என் மகன் யோகராஜ் புரோத்ராபூரில் பந்து விளையாடுகிறான்.

அலுவலகம் ஸ்கோர் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. [எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். நானும் அப்படி ஒன்றில்தான் வேலை பார்க்கிறேன்.] கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது, முத்து முத்தான எழுத்து இருந்தது. மூன்றாவது ஆட்டத்தின் சீட்டிலும் பெயர் இருந்தது.

“லிஸ்ட் மே நாம் ஹை தோ ஆத்மி ஹை,” என்றார் அதிகாரி. பட்டியலில் பெயர் இருந்தால் ஆள் இருக்கிறான். ஜனவரி 8-ம் தேதி ஆட்டத்தின் சீட்டையும் கொண்டுவரச் சொன்னார். அதிலும் யோகராஜ் இருந்தால் கோப்பு மூடப்படும். அப்புறம் சுகுணா கணவன் உள்ள பெண்.

நாங்கள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆள் மாறாட்டம், அணியைத் தூக்கிவிடுவார்கள், சுரேந்திரன் மேல் வழக்கு வந்தாலும் வரும். லீக் முடியட்டும் என்றார்கள் ஆட்டக்காரர்கள். நானும் முடியட்டும் என்றேன்.

ஜனவரி 6-ம் தேதி சுகுணா கப்பலில் வந்து இறங்கி நேரே என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“சார், நீங்கதான் எழுதுறதா?”

“ஆமாம்மா.”

“அன்னிக்குக் கரைக்கு டீ எடுத்துக்கிட்டு எறங்குனேன். மேட்டுத் திருப்பத்துல நின்னேன். அவரு என்னப் பாத்துக் கைய ஆட்டுனாரு, மேல போன்னு. அப்பறம் அங்க தண்ணிதான் இருந்திச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நான் கண்ணால பாத்தது பொய்யி, நீங்க பேனாவால எழுதுனது நெசமா?”

நான் ருக்குவைக் கூப்பிட்டுத் தேநீர் போடச் சொன்னேன். என்னால் முடிந்த பதில் அதுதான். சுகுணா தேநீர் குடிக்காமல் போய்விட்டார்.

7

ஒச்சம்மா என்கிற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது.

முதல் மூன்று பிரதிகளில் அவரைப் புத்தி பேதலித்தவராக எழுதினேன். ஷெல்டர் வாசலில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, போவோர் வருவோரிடமெல்லாம் மகன் வருவான் வருவான் என்று

[ருக்கு: “அந்தம்மாவ நீங்க பாத்ததே ரெண்டு தடவ. பைத்தியம்னு எழுதச் சொன்னது யாரு?”]

யாரும் சொல்லவில்லை. அப்படி எழுதினால் எனக்குச் சுலபம். அவர் ஏமாந்தவர் என்றால் நான் வெறும் எழுத்தர். அவருக்கு எல்லாம் தெரியும் என்றால் நான் யார்?

நடந்தது இதுதான். ஒச்சம்மாவும் அதே கப்பலில்தான் வந்திருந்தார். ஒருத்தி அவன் செத்தான் என்று நிரூபிக்க, ஒருத்தி அவன் ஆடுவதைப் பார்க்க. இருவருக்கும் சேர்த்து ஒரே பொட்டலம் சோறு. சுகுணாதான் கட்டி எடுத்து வந்தாராம். ஒரு பகலும் ஓர் இரவும் பேசிக்கொள்ளாமல் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். மாமியாருக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தியைத் துடைத்ததும் சுகுணாதான்.

ஜனவரி 8, மதியம் இரண்டு மணி. மைதானத்தின் கோட்டோரம் ஒச்சம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பத்தடி தள்ளி சுகுணா நின்றுகொண்டிருந்தார். நான் சீட்டுப் பலகையோடு ஒச்சம்மாவின் பக்கத்தில் குந்தினேன். என்னையறியாமல், “அம்மா, அது வந்து…” என்று ஆரம்பித்தேன்.

“சின்னவன்தானே?” என்றார், மைதானத்தைப் பார்த்தபடியே. “பெத்தவளுக்குத் தெரியாதா சார்? ரேடியோவுல சொன்ன அன்னிக்கே தெரியும். எங்க அக்காளுக்குப் பிள்ளப்பேறு ஆனப்ப நான் நாப்பது நாள் அவ பேருக்கு நின்னேன். ஆளு வர்ற வரைக்கும் பேர விடக் கூடாது. அவன் விடாம நிக்கிறான். நான் போயி எப்படி வெட்டச் சொல்லுவேன்?”

அப்போது எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கப் பேனாவைச் சரிபார்த்தேன்.

8

இந்த இடத்தில் கதை மூன்றாகப் பிரிகிறது. ஒவ்வொன்றையும் எழுதிப் பார்த்தேன்.

அ. சுரேந்திரன் “இருக்கேங்கய்யா” என்கிறான். ஆட்டம் நடக்கிறது. கடைசி நிமிடத்தில் ஏழாம் எண் இன்னொரு கோல் அடிக்கிறான். கூட்டம் ஆர்ப்பரிக்க, சுகுணா மெல்லத் திரும்பி

[கூட்டம் மொத்தம் முப்பது பேர். ஆர்ப்பரிக்கப் போதாது. அதோடு, அந்த கோல் விழுந்தால் சுகுணா வேலை இல்லாமல், கணவனும் இல்லாமல், விதவையும் ஆகாமல் கப்பலேற வேண்டும். யாருக்காக நான் அந்த கோலை அடிக்கிறேன்?]

ஆ. சுகுணா மைதானத்துக்குள் ஓடிப்போய்ப் பனியனைப் பிடித்து இழுக்கிறார்.

[அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கப்பலில் சோறு கட்டி வந்தவர்.]

இ. கதாசிரியனே எழுந்து நின்று, நான் எழுதியது பொய் என்று அறிவிக்கிறான்.

[நடந்திருக்க வேண்டியது இதுதான். நடக்கவில்லை. என் மகன் அப்போது பிளஸ் டூ. எனக்குப் பிரமோஷன் வர வேண்டியிருந்தது. காரணங்களுக்கு எப்போதும் பஞ்சமில்லை.]

9

நடந்ததை எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு முன்னால் பையன்கள் உடம்பைச் சூடாக்கப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒச்சம்மா கையை வாயில் குவித்துக் கூப்பிட்டார்.

“சுரேனு!”

அவன் திரும்பவில்லை. இருபது அடி தூரம்தான்.

“ஏய், சுரேனு!”

திரும்பவில்லை. கவனிக்காமல் இருந்திருக்கலாம். காற்றும் அடித்தது. அப்போது நடு மைதானத்திலிருந்து ஒருவன், “யோகா, இங்க!” என்றான். சுரேந்திரன் சட்டென்று திரும்பிப் பந்தை அவன் காலுக்கு அனுப்பினான். மூன்று மாதமாக மைதானத்தில் எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நடுவர் காதில் சொந்தப் பெயர் விழுந்துவிடக் கூடாது என்று அப்படிப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தச் சொன்னதும் நான்தான்.

ஒச்சம்மா வாயிலிருந்து கையை எடுத்தார். நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

தம்பையா அணியை நிறுத்தினார். நான் சீட்டில் பதினொரு பெயரையும் ஏற்கெனவே எழுதியிருந்தேன். ஏழாவது வரியில் யோகராஜ். ஆறு பெயர்கள் கூப்பிட்டார், ஆறு பேரும் பதில் சொன்னார்கள்.

“யோகராஜ்!”

சுரேந்திரன் வாயைத் திறந்தான். பத்தடி தள்ளி நின்ற அண்ணியைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

“யோகராஜ்!” தம்பையாவின் குரல் தணிந்துவிட்டது.

சுரேந்திரன் இப்போது தாயைப் பார்த்தான். பெரட்டில் நிற்கிறவனுக்கு இரண்டு வீட்டுப் பாரம் என்பார்கள். இருபத்து மூன்று வயதில் அவன் தலையில் அது இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

“யோகராஜ்…”

ஒச்சம்மா எழுந்தார். தரையில் கையூன்றி, மெதுவாக. வரிசைக்கு வந்து சின்ன மகனுக்குப் பக்கத்தில், தோட்டத்தில் நிற்பதுபோலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அவன் வரலீங்கய்யா,” என்றார். “இனிமே வரமாட்டான். பேர வெட்டிருங்க.”

அவர் திரும்பி சுரேந்திரனின் தோளைத் தொட்டார்.

“இது எம் மகன் சுரேந்திரன். பெரட்டுல இவன் பேரு இன்னும் கூப்பிடல.”

தம்பையா கூப்பிட்டார். சத்தமாகக் கூப்பிட்டார். பட்டியலில் இல்லாத பெயரை, விதியில் இல்லாத முறையில், நடுவருக்குக் கேட்கும்படி கூப்பிட்டார். சுரேந்திரன் அழுதுகொண்டே “இருக்கேங்கய்யா” என்றான். பத்தடி தள்ளி நின்ற சுகுணா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் கணவனுக்காக அழுததை நான் அப்போதுதான் பார்த்தேன். ஒரு வருடமாக அழ விடாமல் எல்லாருமாகச் சேர்ந்து அவரை வழக்காட வைத்திருந்தோம்.

நான் ஏழாவது வரியில் கோடு போட்டேன். நேர்கோடு வரவில்லை.

தம்பையா நடுவரிடம் போய் மூன்று ஆட்டத்தின் கதையையும் சொன்னார். நடுவர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று மாலையே கச்சால் ரப்பர் லெவன் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. மூன்று ஆட்டங்களும் ரத்து, அந்த ஒரே கோலும் ரத்து. சுரேந்திரன் மேல் வழக்குப் போட வேண்டாம் என்று செயலாளரே சொல்லிவிட்டார். பனியன்களைத் தம்பையா திருப்பி வாங்கவில்லை.

10

சுகுணாவுக்குச் சான்றிதழ் அந்த மாதம் முப்பதாம் தேதி கிடைத்தது. ஒரு நாள் மிச்சம். இப்போது கச்சாலில் பால் வெட்டுகிறார். ஒச்சம்மா அவரோடுதான் இருக்கிறார். சுரேந்திரன் புரோத்ராபூரில் லாரி ஓட்டுகிறான். அப்புறம் அவன் பந்தைத் தொடவில்லை.

தம்பையா இப்போது இல்லை. அவர் எப்போது காலமானார் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் விட்டதும் என் கணக்கில்தான் சேரும்.

11

இங்கே முடித்துவிடலாம். ருக்குவும் முடித்துவிடுங்கள் என்றாள். ஆனால் சுரேந்திரனின் கேள்வி அப்படியே நிற்கிறது. கதைக்கு உள்ளே இரண்டாவது ஆட்டத்தை எழுதியபோது, கவனித்திருப்பீர்கள், ‘ஏழாம் எண்’ என்று எழுதித் தப்பித்துக்கொண்டேன்.

போன வாரம் அவனை மறுபடி பார்த்தேன்.

“நீயே சொல்லிடு. எந்தப் பேர்?”

லாரிக் கதவில் சாய்ந்துகொண்டான்.

“எம் பேருல போட்டா, அண்ணன் அன்னிக்கு வரவே இல்லன்னு ஆயிரும். அண்ணன் பேருல போட்டா, நான் இல்லன்னு ஆயிரும். நான் எப்படி சார் சொல்றது? நீங்களும் எழுதாதீங்க. ஒரு தடவ எழுதுனதே போதும்.”

சரி, நான் எழுதவில்லை.

இந்தக் கதை அச்சானதும் ஒரு பிரதி கப்பலில் கச்சாலுக்குப் போகும். ஒச்சம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வேலை முடிந்து வந்து சுகுணா அவருக்கு வாசித்துக் காட்டுவார். ஆகவே, இதைப் படித்துக்கொண்டிருக்கிற நீங்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் கடைசிப் பத்தி உங்களுக்கு இல்லை. நீங்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சுகுணா, அன்று நீங்கள் கேட்டதற்கு நான் தேநீர்தான் கொடுத்தேன். பதில் இப்போதும் என்னிடம் இல்லை. கீழே ஒரு வரி எழுதி, ஒரு பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். அந்த இடத்துக்கு வந்ததும் நீங்கள் நிறுத்துவீர்கள். ஏன் நிறுத்திட்ட என்று அத்தை கேட்பார். அவசரமில்லை, மூன்று தடவை கேட்கும் வரை நேரம் உண்டு. அப்புறம் நீங்களே ஒரு பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதுதான் சீட்டில் இருந்தது என்று நான் கையெழுத்துப் போடுகிறேன்.

13 நவம்பர் 2005, புரோத்ராபூர் மைதானம். கச்சால் ரப்பர் லெவன்: ஒரு கோல். அறுபத்து மூன்றாம் நிமிடத்தில் அடித்தவர்: ……………………